ஊமைக் கட்டைக்கு எட்டுக் குரல்

சனிக்கிழமை காலையில் மன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் செய்தித்தாள் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்ப்பார்கள். மாடியில் பியானோ ஒன்று தத்தித் தத்தி நடந்துகொண்டிருக்கும். திடீரென்று எட்டுப் பிள்ளைகள் ஒரே குரலில் “ஊ!” என்பார்கள். பியானோ மேலே போகும். மறுபடியும் “ஊ!”. புதிதாக வந்த ஆள், “மேல என்னங்க, ரயில் ஏதும் ஓடுதா?” என்று கேட்டால், பழையவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, “அது கூட்ட டீச்சர் கிளாஸுங்க” என்று சொல்லிவிட்டு விளையாட்டுச் செய்திக்குப் போய்விடுவார்கள்.

கூட்ட டீச்சருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவளுடைய அக்காதான் காரணம். அக்காவும் பியானோ டீச்சர்தான். நாலு தெரு தள்ளி, சாத்திய கதவுக்குப் பின்னால், ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை என்று சொல்லித்தருவாள். அதனால் அவள் ஒத்தை டீச்சர். பிள்ளை உருப்பட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஒத்தை டீச்சரிடம் போவார்கள். பிள்ளை ஓர் இடத்தில் உட்கார்ந்தாலே போதும் என்று நினைக்கிறவர்கள் கூட்ட டீச்சரிடம் வருவார்கள். ஊரில் எல்லோரும் இதை வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்கள். கூட்ட டீச்சரும் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு சின்ன முள் இருந்தது என்பது அவள் கணவருக்கு மட்டும்தான் தெரியும்.

வாரநாளில் அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, மூக்குக்குத் தோதான சட்டம் எடுத்துக்கொடுப்பாள். புதன் சாயங்காலமும் சனிக்கிழமை காலையும்தான் வகுப்பு. அந்த இரண்டு வேளைக்காகத்தான் மற்ற நாளெல்லாம் ஓடுகிறது என்று கடை முதலாளியிடமே சொல்லியிருக்கிறாள். அவரும் பெருந்தன்மையாகக் கேட்டுக்கொண்டார்.

மாடி அறையில் இருப்பது ஒரே ஒரு பியானோ. பிள்ளைகளோ எட்டு. பியானோவுக்கு எதிரே நீளமாக ஒரு மேஜை போட்டிருக்கும். அதன்மேல் ஆளுக்கு ஓர் அட்டைப் பியானோ. புதிதாகச் சேருகிற பிள்ளைக்கு முதல் பாடமே அதுதான்: தடித்த அட்டையை எடு, கட்டைகளை அளந்து பார், வெள்ளைக் கட்டையையும் கறுப்புக் கட்டையையும் அதே அகலத்தில் வரை, கறுப்புக்கு மை பூசு. மை காய்வதற்குள் கையை வைத்தவர்கள் அடுத்த வகுப்புக்கு விரலெல்லாம் கறுப்பாகத்தான் வருவார்கள். ஒரு பிள்ளை பியானோவில் உட்கார்ந்து வாசிக்கும்போது மற்ற ஏழு பேரும் அட்டையில் அதே பாட்டை வாசிக்க வேண்டும். சத்தம் வராது. டொக் டொக்கென்று விரல் படுகிற ஓசை மட்டும் கேட்கும். ஆனால் எந்தப் பிள்ளையின் விரல் தடுமாறுகிறது என்று டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் சொல்லிவிடுவாள்.

அந்தப் பியானோவின் நடுப்பகுதியில் ஒரு வெள்ளைக் கட்டை ஊமை. அமுக்கினால் உள்ளே போகும், வெளியே வரும், வாயைத் திறக்காது. உள்ளே தந்தியைத் தட்டுகிற அதன் சுத்தி உடைந்திருந்தது. சுதி சேர்க்க வருகிற பெரியவர், “இந்தப் பாகம் வெளியிலிருந்து வரணும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். பாகம் வரவில்லை. சில மாதம் கழித்து அவரும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

முதலில் டீச்சருக்கு அது பெரிய தலைவலியாக இருந்தது. எந்தப் பாட்டை எடுத்தாலும் அந்தக் கட்டை குறுக்கே வந்து நிற்கும். நடுநடுவே பல் விழுந்த வாய் மாதிரி பாட்டு இளிக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், கட்டை வரும் இடத்தில் அவளே “ஊ” என்று பாடிவிட்டாள். ஊமைக்கு ஊ. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த தடவை அந்த இடம் வருவதற்குள் மேஜையைச் சுற்றியிருந்த எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தார்கள். சரியான இடத்தில், சரியான ஸ்வரத்தில், “ஊ!”.

அன்றைக்கு அவளுக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. மேஜையில் இருக்கும் பிள்ளைகள் இதுவரை அட்டையைத் தட்டிக்கொண்டு கனவு கண்டுகொண்டிருந்தார்கள். இப்போது பாட்டைக் கேட்கிறார்கள். எங்கே வருகிறோம், அடுத்தது என்ன என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் இன்னொரு சட்டமும் சேர்த்தாள். பியானோவில் இருக்கும் பிள்ளை மறந்துபோய் நின்றுவிட்டால் யாரும் சிரிக்கக்கூடாது, யாரும் வாயால் சொல்லிக்கொடுக்கக்கூடாது. அடுத்த ஸ்வரத்தை எல்லோரும் “ஊ” என்று பாட வேண்டும். நின்றவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடலாம்.

இந்தச் சட்டம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டீச்சருடைய அப்பா மரச்சாமான் பழுது பார்க்கிறவர். ஏலத்தில் யாரும் சீண்டாத ஒரு பியானோவைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தார். அக்காவும் தங்கையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாலு கையால் வாசிப்பார்கள். பாட்டு வருகிற மேல்பக்கம் அக்காவுக்கு. தாளம் பிடிக்கிற கீழ்ப்பக்கம் தங்கைக்கு. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தக் காலத்தில் தங்கை ஒரு நாளும் தப்பு பண்ணியதில்லை. பிறகு அக்கா பெரியவளாகித் தனியாக வாசிக்கப் போனாள். பள்ளி ஆண்டுவிழாவில் தங்கையும் தனியாக வாசிக்க வேண்டியதாயிற்று. ‘ஓடைப் பாட்டு’ என்று ஒன்று. வீட்டில் தூக்கத்தில்கூட வாசிப்பாள். மேடையில் பாதி தூரம் போனவள், ஓடை ஒரு பாறையில் முட்டித் திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டாள். அடுத்த ஸ்வரம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. முதல் வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த ஸ்வரம் தெரியும். தங்கை அவளைப் பார்த்தாள். அக்கா கீழே குனிந்துகொண்டாள். தங்கை எழுந்து, வணங்கி, மேடையை விட்டு இறங்கினாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவள் நாலுபேர் முன்னால் தனியாக வாசித்ததே கிடையாது. பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் மட்டும் வாசிப்பாள். அப்போது ஜோராக வாசிப்பாள்.

“என் வண்டியில எனக்கும் ஒரு பிரேக் இருக்கு” என்பார் அவள் கணவர். கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர். “கத்துக்கிற ஆள் ஒருத்தர்தான். அதுக்கே எனக்கு உயிர் போய் உயிர் வருது. உனக்கு எட்டு பேர், ஒரு பிரேக்கும் கிடையாது. எப்படித்தான் சமாளிக்கிறியோ!”

“எனக்கு எதுக்குங்க பிரேக்? நின்னா தள்ளிவிடத்தான் ஆள் இருக்கே” என்பாள் அவள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மன்றத்துச் செயலாளர் படியேறி வரும்வரை. காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, இன்னொரு பேனாவைத் தேடிக்கொண்டே இருக்கிற மனிதர். நல்லவர்தான். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவர். அன்றைக்குக் கடைசியாகப் பேசியவர்கள் மேஜைப் பந்து விளையாடுகிறவர்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சரம்மா. அவங்களுக்கு இந்த ரூம் வேணுமாம். அவங்க கேக்கறதுலயும் நியாயம் இருக்குல்ல? ஒரு பியானோ, எட்டுப் பிள்ளைங்க. ஏழு பிள்ளைங்க அட்டையைத் தட்டுது. நடுவுல ஊளை வேற. இதுல என்னத்தைக் கத்துக்கும்?”

“ஊளை இல்லைங்க, அது பாட்டுல ஒரு ஸ்வரம்.”

“எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்து பாத்து, பிள்ளைங்க கத்துக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் ரூமைத் தொடமாட்டேன். இல்லேன்னா அடுத்த மாசத்துலேருந்து அவங்களுக்குத்தான். உங்க அக்காவையே கூப்பிட்டிருக்கேன். நம்ம ஊர்ல அவங்களுக்கு மேல யாரு? வர்ற சனிக்கிழமை வரேன்னுட்டாங்க.”

இந்த அறை போனால் வேறு அறை கிடையாது. எட்டுப் பிள்ளைகளையும் பியானோவையும் வைக்கிற அளவுக்கு டீச்சர் வீடும் பெரிதில்லை. அக்காவோ அவள் வகுப்பை ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. “பியானோ தனியா கத்துக்க வேண்டிய வித்தைடி. நீ பண்றது சந்தை” என்று ஒரு விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவள். அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவதற்குள் மேஜைப் பந்துக்காரர்கள் இரண்டு கோப்பை ஜெயித்துவிடுவார்கள்.

அந்த வாரம் முழுக்க அவள் கண்ணாடிக் கடையில் இடது கண்ணுக்கு வலது கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து வருந்தினார். மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. அவர் செய்ததுதான் இந்தக் கதையில் பெரிய கூத்து.

சனிக்கிழமை வந்தது. பிள்ளைகள் தலைவாரி, சட்டைப் பொத்தான்கள் எல்லாம் போட்டு, யாரோ வீட்டுப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நேராக நிமிர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் செயலாளர். கதவோரம் கணவர், என்றைக்கும் இல்லாமல் வாயெல்லாம் பல்லாக நின்றார். ‘இந்த மனுஷனுக்கு இன்னைக்கு என்ன வந்தது?’ என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

முதலில் ரெட்டைவால். அந்தப் பையனுக்கு வேறு பெயர் இருந்ததை அவன் அம்மாவே மறந்திருப்பாள். பெஞ்சில் ஏறி உட்கார்ந்து ‘தவளைப் பாட்டு’ தொடங்கினான். மேஜையில் ஏழு ஜோடிக் கைகளும் அட்டைமேல் தாவத் தொடங்கின. ஊமைக் கட்டை வருகிற இடம் நெருங்கியது. ஏழு பேரும் மூச்சை இழுத்தார்கள். ரெட்டைவால் கட்டையை அமுக்கினான்.

“ஊ!” என்றார்கள் பிள்ளைகள். “டிங்!” என்றது கட்டை.

ரெட்டைவால் சூடு பட்டவன் மாதிரி கையை இழுத்துக்கொண்டான். “டீச்சர்! ஊமை பேசுது!”

அவ்வளவுதான். மேஜை காலியாகிவிட்டது. எட்டுப் பேரும் பியானோவை மொய்த்தார்கள். “நான் அமுக்கறேன்”, “தள்ளுடா, நான் இன்னும் தொடவே இல்லை”, “டிங், டிங், டிங்”. ‘ஏன்’ என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த பெண், “ஏன் பேசுது? இத்தனை நாளா ஏன் பேசலை?” என்று பியானோவின் மூடியைத் திறந்து உள்ளேயே தலையை விட்டுவிட்டாள். இரண்டு அட்டைப் பியானோக்கள் தரையில் விழுந்து மிதிபட்டன. செயலாளர் காதிலிருந்த பேனாவை எடுத்துவிட்டார்.

டீச்சர் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் சிரிப்பு படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. “நான்தான்... நேத்து அந்தப் பெரியவரைத் தேடிப் பிடிச்சு, ஒரு பழைய பியானோவுலேருந்து பாகத்தைக் கழட்டி, கையோட கூட்டிட்டு வந்து... உனக்குச் சொல்லாம...” என்று இழுத்தார்.

அவளுக்கு வந்த கோபத்தில் அவரையே பியானோவுக்குள் வைத்து மூடியிருப்பாள். ஆனால் அந்த மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாகத் திரும்பிவிட்டது. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

“இதுதான் உன் கிளாஸா?” என்று அக்கா கேட்டாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் டீச்சர் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. “ஆமாக்கா. இதுதான்.”

“எதுக்கு நடுவுல பாடினாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் ‘ஏன்’தான். பியானோவுக்குள்ளிருந்து தலையை எடுத்துக்கொண்டு வந்தாள். மூக்கில் தூசி. “அது ஊமைங்க. அதுக்குப் பதிலா நாங்க பாடுவோம். அது மட்டும் இல்லை, வாசிக்கிறவங்க யாராவது நின்னுட்டா, அடுத்தது என்னன்னு நாங்க பாடுவோம்.”

“யாரு நின்னாலுமா?”

“யாரு நின்னாலும்தான். நீங்க நின்னாலும் பாடுவோம்.”

“நான் நிக்கமாட்டேன்” என்றாள் அக்கா.

“எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க” என்றான் ரெட்டைவால்.

செயலாளர் இருமினார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா எழுந்தாள். நேராகப் பியானோவுக்கு வந்தாள், பெஞ்சைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள், உட்கார்ந்தாள். “எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க. கை மடியில இருக்கணும். அட்டை வேண்டாம்” என்றாள். பிள்ளைகள் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

அக்கா தவளைப் பாட்டை வாசிக்கத் தொடங்கினாள். அவள் கையில் தவளைகூடக் கொஞ்சம் மரியாதையாகத்தான் குதித்தது. மூன்றாவது வரியில் வேண்டுமென்றே ஒரு ஸ்வரத்தை விட்டாள். ஊமைக் கட்டை இல்லை, வேறொன்று. அவள் விட்ட அதே நொடியில் அந்த இடத்தில் “ஊ” வந்து உட்கார்ந்தது. அக்காவின் புருவம் ஏறியது. அடுத்த வரியில் இரண்டை விட்டாள். “ஊ, ஊ!” மேல் ஸ்தாயியில் ஒன்றை விட்டாள். எலிக்குஞ்சு போல எட்டுக் குரல் மேலே போய் அதைப் பிடித்தன. அடுத்து ஒரு குறும்பு செய்தாள். விடுவதற்குப் பதிலாகத் தப்பான கட்டையை ஓங்கி அடித்தாள். பிள்ளைகள் ஒரு கணம் திகைத்துப்போனார்கள். மேஜையின் கோடியிலிருந்து ஒரே ஒரு குரல், சரியான ஸ்வரத்தில், “ஊ...” என்றது. அது மியாவ். குரலே எழும்பாத பெண் என்பதால் அந்தப் பெயர். அவள் பாடி முடித்ததும் மற்ற ஏழு பேரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

அக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாசித்தாள். ஒன்று விட்டு ஒன்று. பிறகு வரிக்கு ஒன்று. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு நிற்கவில்லை. தவளை குளத்தைத் தாண்டி, கரையேறி, கடைசி ஸ்வரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கீழே செய்தித்தாள் படிக்கிறவர்கள் அன்றைக்கு அண்ணாந்த தலையை இறக்கவே இல்லையாம்.

இந்தப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று டீச்சருக்கே தெரியாது. யாரும் அவர்களிடம் இப்படிக் கேட்டுப் பார்த்ததில்லையே.

“என்கிட்ட படிக்கிறதுங்க நல்லா வாசிக்கும்” என்றாள் அக்கா மெதுவாக, செயலாளரைப் பார்த்து. “ஆனா இப்படிக் கேக்காது. பந்து விளையாடறவங்களுக்கு நீங்க வேற ரூம் பாருங்க.”

“அப்ப பிள்ளைங்க கத்துக்குதுன்னு...”

“கத்துக்குதா? புதன்கிழமை என் பிள்ளைங்க நாலு பேரைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். இவ இடம் கொடுத்தா.”

செயலாளர் பேனாவை மறுபடி காதில் செருகிக்கொண்டு, தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்கிற மாதிரி தலையாட்டினார். கணவர் ஒரு பெருமூச்சு விட்டார், ஜன்னல் திரைச்சீலையே ஆடியிருக்கும். பிள்ளைகளுக்குக் கவலை வேறு. “டீச்சர், கட்டையைத் திரும்ப ஊமையாக்கிடுங்க. இனிமே நாங்க எதுக்குப் பாடறது?” டீச்சர் யோசித்தாள். “இனிமே வாரத்துக்கு ஒரு கட்டைக்கு லீவு. எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க” என்றாள். எட்டுப் பேரும் எட்டுக் கட்டை சொன்னார்கள். சண்டை தொடங்கியது. பழைய வகுப்பு திரும்பி வந்துவிட்டது.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் மியாவ் டீச்சரின் புடவை முனையைப் பிடித்து இழுத்தாள். “டீச்சர், ஒத்தை டீச்சர் தனியா வாசிச்சாங்க. நீங்க தனியா வாசிச்சு நாங்க கேட்டதே இல்லையே?”

“நான் எதுக்குடி...” என்று டீச்சர் நழுவப் பார்த்தாள். எட்டுப் பேரும் விடவில்லை. அக்கா பெஞ்சை விட்டு எழுந்து பின்னால் போய் நின்றாள். காலியான பெஞ்சைப் பார்த்ததும் டீச்சர் ஓர் அடி பின்வாங்கினாள். ஆனால் சந்தோஷம் அன்றைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு வந்து உட்காரவைத்தது. கை தானாக ஓடைப் பாட்டைத் தொடங்கியது. அவள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்ததே இல்லை.

ஓடை சலசலவென்று இறங்கி வந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். பாறை வந்தது. ஓடை முட்டித் திரும்புகிற இடம் வந்தது. அவள் நின்றுவிட்டாள்.

அதே இடம். அதே ஸ்வரம். பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள், ஆனால் அவர்களுக்கு இந்தப் பாட்டுத் தெரியாது. எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து முழித்தார்கள். அந்த அறையில் அடுத்த ஸ்வரம் தெரிந்தவள் ஒரே ஒருத்திதான்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரப்பாக, பாடிப் பழக்கமில்லாமல், கொஞ்சம் உடைந்து.

“ஊ.”

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஓடை பாறையைச் சுற்றிக்கொண்டு, இறங்கி, விரிந்து, கடைசி வரைக்கும் போனது. கண்ணில் நீர் வழிய வழிய வாசித்தாள், ஒரு ஸ்வரம் தப்பாமல்.

பிள்ளைகள் கைதட்டிக் கூரையைக் கிளப்பினார்கள். ரெட்டைவால் மட்டும் அக்காவிடம் போய், ரொம்பப் பொறுப்பாகச் சொன்னான்: “ஒத்தை டீச்சர், உங்க ஊ கொஞ்சம் சுதி இறங்கிடுச்சு.”

“ரொம்ப நாளா உள்ளேயே கிடந்ததுடா, அதான்” என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, தங்கையை இடித்துத் தள்ளி, பெஞ்சில் பாதியைப் பிடித்து உட்கார்ந்தாள். தாளம் பிடிக்கிற கீழ்ப்பக்கத்துப் பாதியை.